முதலில் உறுப்பினருக்கு

"கதவைச் சாத்து. ஜன்னலையும் சாத்து. தம்பி காதுல விழுந்து தொலைக்கப்போகுது!"

போக்குவரத்து அமைச்சர் தன் சொந்த வீட்டிலேயே பூனை மாதிரி நடந்தார். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள்.

பயம் சும்மா வரவில்லை. மாடியில் குடியிருக்கும் தம்பி பத்திரிகை நிருபர். போன மாதம் சாப்பாட்டு மேஜையில் இவர் உளறிக்கொட்டியது, மறுநாள் முதல் பக்கத்தில் வந்துவிட்டது. சட்டசபையில் ஒரே ரகளை.

"புதுத் திட்டம் எதுவானாலும் முதல்ல உறுப்பினர்களுக்குத் தெரியணும். அப்புறம்தான் பத்திரிகைக்கு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நீங்க பதவியை விட்டுட வேண்டியதுதான்" என்று சபாநாயகர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நாளைக்குச் சபையில படிக்கணும். திக்காம வருதான்னு கேளு" என்றவர், குரலைத் தாழ்த்திப் படித்தார். "அமைச்சர்கள், உறுப்பினர்கள் அத்தனை பேரும் வாரத்தில் ஒரு நாள் பஸ்ஸில்தான் சபைக்கு வரவேண்டும்!"

"அடேங்கப்பா! பஸ் படியில கால் வச்சு எத்தனை வருஷமாச்சு உங்களுக்கு?"

"கிண்டல் பண்ணாதே. இது வெளியில போச்சுன்னா என் பதவி போச்சு."

"என்னைப் பார்த்தா ஊரெல்லாம் தண்டோரா போடறவ மாதிரியா இருக்கு? போன தடவை உங்க காலை வாரினது உங்க தம்பி. எங்க வீட்டுல ஒருத்தராவது பத்திரிகையில இருக்காங்களா?"

நியாயம்தான். அமைச்சர் அசடு வழிந்தார்.

"ஆமா, உறுப்பினருங்களுக்குத் தெரிஞ்சா தப்பில்லையே?"

"அவங்களுக்குத்தானேம்மா முதல்ல தெரியணும்!"

"சரி, அப்பாவுக்கு போன் பண்ணிட்டு வரேன். மாத்திரை போட்டாரோ என்னவோ."

"மாமாவைக் கேட்டதாச் சொல்லு."

மறுநாள் காலை பத்திரிகையை வரிவரியாகத் துழாவினார். மூச்! ஒரு எழுத்துகூட வரவில்லை. தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கியதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சபையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படித்தார். திக்கவே இல்லை. முடித்ததுதான் தாமதம், எதிர்க்கட்சி வரிசை மொத்தமும் கையைத் தூக்கியது. ஒவ்வொரு கையிலும் ஒரு பஸ் டிக்கெட்!

"நாங்க இன்னைக்கே பஸ்லதான் வந்தோம்!"

அமைச்சர் கையிலிருந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சபாநாயகர் அவரை முறைத்தார். "மறுபடியும் பத்திரிகைக்குச் சொல்லிட்டீங்களா?"

"சேச்சே, பத்திரிகைக்குப் போகவே இல்லீங்க!" என்று எதிர்க்கட்சித் தலைவர் நிதானமாக எழுந்தார். "விதிப்படி முதல்ல உறுப்பினருக்குத்தான் வந்துச்சு. நான் மாத்திரை போட்டேனான்னு கேக்க நேத்து என் பொண்ணு போன் பண்ணினா. பாவம், மாப்பிள்ளையைக் கோவிச்சுக்காதீங்க!"