சூடு ஆறுமுன்

ஓவனிலிருந்து எடுத்த ரவைக் கேக்கின் மேல் ராவியத்து ஆறிய சர்க்கரைப் பாகை மொத்தமாக ஊற்றினாள். அதே மூச்சில் கணவரிடம், "அஸ்மா அஞ்சு மணிக்கு வர்றா. மாப்பிள்ளையும்தான்," என்றாள். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதால் மூன்று வருடமாக அவர் படியேற விடாத மகள்.

ஜப்பாரின் முகம் சிவந்தது. கோபம் கேக்கின் மேல் பாய்ந்தது. "இம்புட்டையுமா ஊத்துவே? மிதக்குது பாரு!"

"குடிச்சிரும். கேக்கு கொதிக்கிறப்பதான் ஊத்தணும். ஆறிட்டா ஒரு சொட்டு உள்ள எறங்காது."

அவர் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினார். அவள் பாத்திரம் கழுவப் போனாள்.

நாலரைக்குக் கேக்கை வெட்டியபோது தட்டில் துளிப் பாகு இல்லை. தேய்த்த சட்டையில் ஜப்பார் வந்து நின்றார்.

"முறுகலா இருக்கிற மூலைத் துண்ட எடுத்து வையி. அவ அதத்தான் கேப்பா."

"வச்சாச்சு," என்றாள், திரும்பாமலே.