மூட்டிய காடு

புள்ளி திரையின் வலது ஓரத்துக்குப் போனது. மறைந்தது.

அதே வரிசையில், இடது ஓரத்தில் எழுந்தது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு தேவாங்கு. பச்சை, காடு. நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் பழுப்புப் பட்டை, சாலை. அதைத் தாண்டி எந்தப் புள்ளியும் போகக் கூடாது. போகவும் இல்லை.

சுற்றிக்கொண்டு பின்வழியாகப் போய்க்கொண்டிருந்தன.

இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. கிழக்கே மறைந்து மேற்கே முளைத்தன.



வழக்கமாக இந்தப் படத்தை யாரும் பார்ப்பதில்லை. படத்தை அணைத்துவிட்டால்தான் கணினி வேகமாக ஓடும். நூறு வருடக் காட்டை ஆயிரம் தடவை ஓட்டிவிட்டு, கடைசியில் வரும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அவளும் அப்படித்தான் எடுத்தாள். இன்று மதியம் ஆய்வகத்தைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். புள்ளிகள் ஓடினால் அவர்களுக்குப் பிடிக்குமே என்று படத்தைப் போட்டு, வேகத்தையும் குறைத்து வைத்தாள்.

நல்ல வேளை என்பதா, கெட்ட வேளை என்பதா?

கேள்வி எளியதுதான். திண்டுக்கல்லைத் தாண்டி ஒரு காட்டுச் சாலை. இருபுறமும் பழைய புளியமரங்கள், மேலே கிளை கோத்து நிற்கின்றன. அந்தக் கிளை வழியாகத்தான் தேவாங்குகள் சாலையைக் கடக்கும். கீழே இறங்கினால் கதை முடிந்தது. தேவாங்கு அவசரப்படாது, லாரி காத்திருக்காது. சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டினால், இரு பக்கத்துத் தேவாங்குகளும் நூறு வருடம் தாங்குமா?

தாங்கும் என்று அவளுடைய கணினி மாடல் சொன்னது. அவள் எழுதிக் கொடுத்தாள். மரம் வெட்ட அனுமதி தரும் குழு கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது.

தேவாங்கு மாதிரி முழிக்கிறவள் தேவாங்கையே படிக்கப் போகிறாளாம் என்று வீட்டில் முன்பெல்லாம் கேலி செய்வார்கள். இப்போது யாராவது அறைக்குள் வந்திருந்தால் சரியாகத்தான் சொன்னார்கள் என்றிருப்பார்கள்.

நிரலைத் திறந்து தேடினாள். அதிக நேரம் ஆகவில்லை. ஒரே வரி.

மாடல் எழுதப் பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சிக் காட்டுக்கு ஓரம் கிடையாது. கைலியை மூட்டுவது போல, வலது ஓரத்தையும் இடது ஓரத்தையும் மூட்டி வைத்திருப்பார்கள். புள்ளி சுற்றிச் சுற்றி வரும். பழகுவதற்கு அது வசதி. அந்தப் பயிற்சி நிரலின் மேல்தான் அவள் தன் காட்டைக் கட்டினாள். மழையை மாற்றினாள். மரம், பூச்சி, குட்டி போடும் வயது, எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து மாற்றினாள். தையலைப் பிரிக்க மறந்தாள்.

இப்போது பிரித்தாள். மறுபடி ஓட்டினாள்.

மேற்கே பெரிய காடு. புள்ளிகள் குறைந்தன, கூடின, தாக்குப்பிடித்தன.

கிழக்கே இருப்பது துண்டுக் காடு. அங்கே புள்ளிகள் பழுப்புப் பட்டை வரை வந்தன. திரும்பின. மறுபடி வந்தன. ஒவ்வொன்றாக அணைந்தன.

கடைசிப் புள்ளி நெடுநேரம் தனியாக அலைந்தது. உண்மைக் காடாக இருந்தால் இரவெல்லாம் சீழ்க்கையடித்துத் துணை கூப்பிட்டிருக்கும். நிரலில் அவள் அதை எழுதவில்லை.

அவளால் பார்க்க முடியவில்லை. பார்த்தாள்.

இன்னொரு தடவை ஓட்டினாள். கிழக்கு அணைந்தது. இன்னொரு தடவை. அப்படியேதான்.

இன்று காலை மரம் வெட்டத் தொடங்கியிருப்பார்கள். அங்கே காவலுக்கு நிற்கும் வனக்காப்பாளர் சவரிமுத்துவை அழைத்தாள். எடுக்கவில்லை. ரம்பச் சத்தத்தில் கேட்டிருக்காது.

குழுவுக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தாள். "என் கணக்கு தவறு. கிழக்குப் பக்கம் அழிந்துவிடும். வெட்டுவதை நிறுத்துங்கள்."

இதற்குப் பிறகு அவள் மாடலை யார் நம்புவார்கள்? வேலை நீட்டிப்பு அடுத்த மாதம் முடிவாகும். நிரலைத் திறந்து பார்க்க எவருக்கும் தோன்றப் போவதில்லை. மரமும் இந்நேரம் பாதி சாய்ந்திருக்கும்.

வரிகளை அழித்தாள். அவமானமாக இருந்தது. ஆனாலும் அழித்தாள்.

போன் அடித்தது.

சவரிமுத்து. பின்னால் ரம்பம் ஓய்ந்திருந்தது.

"மேடம், கூப்பிட்டீங்களா? நானே கூப்பிடணும்னு இருந்தேன். சாஞ்ச மரத்துல ஒரு தேவாங்கு, மேடம். உசுரோட இருக்கு. துண்டுல சுத்திக் கையில வச்சிருக்கேன். ஆளுங்க இப்பத்தான் டீக்குப் போயிருக்காங்க, மிச்ச மரம் அப்புறந்தான்."

"எந்தப் பக்கத்து மரத்துலண்ணே இருந்துச்சு?"

"ரெண்டு பக்கத்து மரமும் பின்னிக்கிட்டுல்ல விழுந்துச்சு. எதுல இருந்துச்சோ தெரியல. கெழக்கால விடவா, மேக்கால விடவா?"

அவளுடைய அறிக்கையின்படி எந்தப் பக்கம் விட்டாலும் ஒன்றுதான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

திரையில் கிழக்குப் பக்கம் வெறும் பச்சையாக இருந்தது.

"மேக்கால விடுங்கண்ணே."

"சரிங்க மேடம். கெழக்கால விட்டா என்ன மேடம்? அங்கயும் பொழச்சுக்கும்னுதான சொன்னீங்க?"

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். அழித்த மின்னஞ்சலை முதலிலிருந்து அடிக்கத் தொடங்கினாள்.