ஒரே பெட்டியில் ரெண்டு நியாயம்

கடைசித் திருகை அவள் இறுக்கும்போதே தலைக்கு மேல் ஒரு மூச்சு கேட்டது.

நாச்சிமுத்து.

அரிசி ஆலையின் எலக்ட்ரீஷியன். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர். அதை அவர் பெண்டாட்டிகூடத் தொட்டதில்லை என்று ஆலைக்குள் பேச்சு.

"ஏனுங் அம்மணி, செவப்பைக் கொண்டுபோயி மைனஸ்ல மாட்டீருக்கறீங்க?"

நெல் அவிக்கும் பாய்லரிலிருந்து இரண்டு சென்சார்கள். ஒன்று பிரஷருக்கு, ஒன்று சூட்டுக்கு. இரண்டின் வயரும் இந்த டேட்டா பெட்டிக்குள் வந்து சேரவேண்டும். சேர்ந்தால் கம்ப்யூட்டர் திரையில் எண்ணாகத் தெரியும்.

பிரஷர் வயரில் சிவப்புதான் ப்ளஸ்.

சூட்டு வயரில் மஞ்சள் ப்ளஸ். சிவப்பு மைனஸ். அதன் பிறப்பு அப்படி.

"இதுல மட்டும் மஞ்சள்தான் ப்ளஸ்ஸுங்கண்ணா."

"ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு நியாயமா?"

ஒரே ஆலைக்குள் ரெண்டு நியாயம் இருக்கலாமாம். ஆம்பளைக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அதை மட்டும் யாரும் டெஸ்டர் வைத்துப் பார்த்ததில்லை.

அவர் அவளை நகரச் சொல்லவில்லை. நகர்த்தினார். சூட்டு வயர் இரண்டையும் கழற்றி, இடம் மாற்றி, இறுக்கினார்.

"மஞ்சக் கயிறு ஏறுனா நீங்க பாட்டுக்குப் போயிருவீங்க. நாந்தானே இதைக் கட்டி மாரடிக்கோணும்?"

முதலாளி நேற்று சொன்னதும் இதேதான்.

"பாய்லரை உன்னை நம்பி எப்படி அம்மணி உடறது? நாளைக்கே கண்ணாலமாயிப் போயிருவே. பேசாம பில் போடு."

மல்லுக்கட்டித்தான் ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தாள். இன்று திரையில் அளவு சரியாக வந்தால் பாய்லர் பொறுப்பைப் பற்றிப் பேசலாம். வராவிட்டால் பில் மேசை.

அவள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் காலேஜுக்குப் போன ஆள் அவள். பில் போடப் பத்தாங்கிளாஸ் போதும்.

வாயைத் திறந்தாள்.

முதலாளி வந்துவிட்டார்.

வெயில் காலத்திலும் காதைச் சுற்றி மப்ளர். ஆலைச் சத்தத்துக்கு அது. பாதி காது கேட்காததற்கும் அதுதான் சாக்கு.

உமி பற்றிக்கொண்டது. பாய்லர் உறுமியது.

திரையில் பிரஷர் ஏறியது.

சூடு இறங்கியது.

முப்பது. பத்து. சைபர்.

மைனஸ் முப்பத்தெட்டு.

நாச்சிமுத்து திரையைத் துடைத்துப் பார்த்தார்.

முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

"ஏப்பா நாச்சிமுத்து, உள்ள நெல்லு வேகுதா, ஒறையுதா? நான் கேதார்நாத் போயிருந்தப்பக்கூட மைனஸ் நாலுதானப்பா."

"அது வந்துங்க..."

"யாரு மாட்டுனது?"

நாச்சிமுத்துவின் ஆள்காட்டி விரல் மெல்ல அவள் பக்கம் கிளம்பியது.

"நான்தானுங்க மாட்டுனேன்," என்றாள். "அண்ணன் சரி பண்ணுனாருங்க."

விரல் பாதியில் வழி மாறி மூக்கைச் சொறியப் போனது.

பாய்லர் மட்டும் பேசியது.

மைனஸ் நாற்பத்தைந்து.

நாச்சிமுத்து சட்டைப் பையில் கைவிட்டார். டெஸ்டர் வெளியே வந்தது. கைப்பிடி அவள் பக்கமாக இருந்தது.

அவள் வாங்கிக்கொண்டாள்.

குனிந்ததும் கழுத்திலிருந்த ஆலையின் அடையாள அட்டை ஆடி வந்து பெட்டியில் இடித்தது. சனியன். எடுத்துச் சட்டைக்குள் போட்டாள். இரண்டு திருகு. சிவப்பு கீழே, மஞ்சள் மேலே.

எண் ஒரே தாவாகத் தாவி நூறைத் தாண்டியது. அங்கிருந்து நிதானமாக மேலே போனது.

"இப்ப என்னப்பா பண்ணுனீங்க?" முதலாளி மப்ளரை விலக்கினார்.

நாச்சிமுத்து மஞ்ச வயர் என்றுதான் சொல்ல வந்தார். வாய்ப் பழக்கம் விடவில்லை.

"மஞ்சக் கயிறுங்க, மொதலாளி."

"ஆருக்கு, அம்மணிக்கா?" அவர் அவளைப் பார்த்தார். "ஏறிருச்சா?"

அவள் கண்ணெல்லாம் திரையில் இருந்தது. நூற்றிப் பதினேழு. நூற்றிப் பதினெட்டு.

"ஏறிருச்சுங்க!"

சொன்ன பிறகுதான் அவர் கண் போகிற இடத்தைப் பார்த்தாள். அவள் கழுத்து. காலர் ஓரத்தில் மஞ்சளாக ஒரு நாடா. ஆலையின் அடையாள அட்டை நாடா. போன வருஷம் அந்தக் கலரை அவர்தான் தேர்ந்தெடுத்தார்.

"சொல்லவே இல்ல பாரு," என்றார். "ஏறியுமா வேலைக்கு வர்றே?"

இல்லையென்று சொல்ல நாக்கு எழுந்தது. எதை இல்லையென்பது? வேலைக்கு வருவது உண்மை.

"வர்றேனுங்க."

"அப்பறம் என்ன? இனி எங்க போகப்போறே? பாய்லரை நீயே பாத்துக்க."

மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். வாசலில் திரும்பி, "கண்ணாலச் சோறு பாக்கி இருக்குது அம்மணி," என்று கத்தினார்.

படித்த படிப்புக்குக் கிடைக்கவில்லை. சரியாக மாட்டிய வயருக்கும் கிடைக்கவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரையில் ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. திரையில் எண் அழகாக இருந்தது. விட்டுவிட்டாள்.

நாச்சிமுத்து வாசலைப் பார்த்தார். வாய் திறந்தது.

அவள் டெஸ்டரைத் தன் சட்டைப் பையில் செருகினாள்.

வாய் மூடிக்கொண்டது.

உள்ளே அட்டை உறுத்தியது. வெளியே எடுக்கக் கை போனது.

நாடாவை மட்டும் இன்னும் கொஞ்சம் தெரிகிற மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டாள்.