மடுவில் முதலை

அந்தக் காட்டில் ஒரு பெரிய பாறை இருந்தது. காட்டைப் பற்றித் தெரிந்ததை எந்தப் பிராணியும் அதில் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். புதிதாக வந்த கௌதாரி ஒரு நாள் பதைபதைக்க ஓடிவந்து, ‘கிழக்கு மடுவில் முதலை இருக்கிறது’ என்று எழுதியது.

பாறையை வெகுகாலமாகப் பராமரித்துவந்த முள்ளம்பன்றி அதை அழித்து, ‘பழையபடி மீளமைக்கப்பட்டது’ என்று குறித்தது. கௌதாரி மறுபடியும் எழுதியது.

“இப்படி மாத்தி மாத்தி எழுதி அழிக்கறதுக்குப் பேர் தொகுத்தல் போர். பேச்சுப் பக்கத்துக்கு வா,” என்றது முள்ளம்பன்றி.

பேச்சுப் பக்கம் என்றால் பாறையின் பின்புறம். அங்கே போய்க் கௌதாரி கேட்டது: “ஏன் அண்ணே அழிச்சீங்க?”

“சான்று இல்லையேம்மா. நீ கண்ணால பார்த்ததெல்லாம் சொந்த ஆய்வு, அது செல்லாது. வேற யாராவது சொல்லியிருக்கணும்.”

“எனக்கு முன்னாடி மான்குட்டி பார்த்துச்சு. அதை முதலை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு.”

“அடடா, பாவமே!” முள்ளம்பன்றிக்கு உண்மையிலேயே வருத்தம்தான். “மான்குட்டி அதை எங்கேயாவது எழுதி வெச்சுதா?”

இங்கே நின்று பயனில்லை என்று கௌதாரி மடுவுக்குப் பறந்தது. கரையோரக் கிளையில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க வந்த பிராணிகளை எல்லாம் தொண்டை கிழியக் கத்தித் திருப்பி அனுப்பியது.

வெயில் தாழ்ந்ததும் முள்ளம்பன்றியும் தாகத்தோடு வந்தது.

“அண்ணே, இறங்காதீங்க! முதலை!”

தண்ணீரில் வைக்கப்போன காலை முள்ளம்பன்றி வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. ‘எங்கே?’ என்றுகூடக் கேட்கவில்லை. முட்கள் சடசடக்க வந்த வழியே ஓடியது.