ஐந்து லிட்டர் கேன்

"மக வீட்டுக்குப் போறோமா, இல்ல பெட்ரோல் விக்கப் போறோமா?"

மனைவிக்குப் பொறுக்கவில்லை. கணவரோ காதில் போட்டுக்கொள்ளாமல், ஐந்து லிட்டர் கேனை பைக்கின் பக்கவாட்டில் வரிந்து கட்டிக்கொண்டிருந்தார்.

"போன தடவை நடுவழியில நின்னோமே, மறந்துட்டியா?"

மறக்கக்கூடியதா அது? ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத பொட்டல். மதியச் சாப்பாட்டுக்குப் போக வேண்டியவர்கள், ஊர் அடங்கிய பிறகுதான் மகள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

புதிதாகக் குடிவந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "சார் செய்யறதுதான் சரிம்மா. தூரமாப் போறப்ப கையில பெட்ரோல் இருக்கணும்."

"நல்லாச் சொல்லுங்க!" என்ற கணவர், சுவரில் செருகியிருந்த பிளக்கைப் பிடுங்கி, பைக்கிலிருந்து ஒயரைக் கழற்றிச் சுருட்டினார்.

பக்கத்து வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். "இது சார்ஜ் போடுற வண்டியா! அப்புறம் எதுக்கு சார் பெட்ரோல்?"

இந்த முறை மனைவியே பதில் சொன்னாள்.

"போன தடவை சார்ஜ் தீர்ந்து நின்னோம். ஒரு புண்ணியவான் அவர் பைக்குல கயிறு கட்டி எங்களை இழுத்துட்டுப் போனார். பாவம், பாதி வழியில அவருக்குப் பெட்ரோல் தீர்ந்துபோச்சு!"