முப்பத்தாறு இஞ்ச்

திருப்பூர் தனி மாவட்டமாக உதயமான அதே ஆண்டில், அதற்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவு, பல்லடம் ரோட்டு மெஷின் கடை ஒன்றில் பரிசீலனையில் இருந்தது என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

மரம் வெட்டும் மருதாசலம் பதினெட்டு இஞ்ச் ரம்ப மெஷினிலிருந்து முப்பத்தாறு இஞ்சுக்கு உயர்வதா, வேண்டாமா?

மேஜைமேல் அது படுத்திருந்தது. சிவப்பு உடம்பு. மூன்றடி நீளப் பிளேடு. அதைச் சுற்றி எண்ணெய் மினுங்கும் செயின்.

கடைக்காரன் ராபின் தூத்துக்குடிப் பக்கம். பனியன் தைக்க வந்து, மெஷின் விற்க ஆரம்பித்தவன். சரக்கைத் தடவும்போது மட்டும் அவனுக்குப் பிரசங்கியார் குரல் வந்துவிடும்.

“இது ஒரு தடவ உறுமுனா மரம் தானா சாஞ்சிரும் அண்ணாச்சி. உங்ககிட்ட இருக்கது முருங்க மரத்துக்குத்தான் லாயக்கு.”

“முருங்கையும் மரந்தானுங்களே.”

மருதாசலத்துக்குத் தெரியும். சாயத் தண்ணீர் இறங்கிப் பட்டுப்போன தென்னைகள்தான் ஆறு வருடமாக அவருக்குச் சோறு. தென்னைக்குப் பதினெட்டு இஞ்ச் தாராளம். அருள்புரம் சுற்றுவட்டாரத்தில் முப்பத்தாறு கேட்கிற தடிமனில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு புளியமரம்.

ஏற்றுமதி கம்பெனி ஒன்றின் வாசலில் நின்றுகொண்டு, கண்டெய்னர் லாரி திரும்ப விடாமல் தடுத்த குற்றத்துக்காக, அதற்கும் வரும் ஞாயிற்றுக்கிழமை தண்டனை. ஈடாக முதலாளி நான்கு குரோட்டன்ஸ் தொட்டி வைத்து, போட்டோ பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பியாயிற்று.

அந்த ஒரு மரத்துக்காகக் கறவை மாட்டை விற்றிருந்தார்கள். பணம் காளியாத்தாளின் மடியில் இருந்தது. அவள் மருதாசலத்தின் மனைவி. மெஷினைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“சுத்திச் சுத்தி அறுத்தா பழைய மெஷின்லயே மரம் உழுந்துரும்,” என்றார் மருதாசலம், யாரிடமென்று இல்லாமல்.

“மரம் உழுகுமுங்க. துண்டு முழுசா வருமா?” என்றாள் காளியாத்தாள்.

ராபினுக்குப் புரியவில்லை. எந்தத் துண்டு?

சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தப் புளியமரத்தில் ஆணி அடிக்காத கம்பெனி இல்லை. ஓவர்லாக் டெய்லர் தேவை. செக்கிங் பெண்கள் தேவை. தங்குமிடம் இலவசம். ‘மரம் வளர்ப்போம்’ என்ற தகரத்துக்கு மட்டும் ஆறு ஆணி.

அத்தனைக்கும் நடுவில், நெஞ்சு உயரத்தில், ஓர் ஆணி இவர்களுடையது.

மகள் மைதிலி, மரம் நிற்கும் அதே கம்பெனியில் செக்கிங். பதினோரு நாள் தொடர்ந்து டபுள் ஷிப்ட் பார்த்தவள், பன்னிரண்டாம் நாள் மேஜைமேல் ஏறி நின்று கத்தினாள். மேனேஜர் தீர விசாரித்து, பேய் என்று தீர்ப்பளித்தார். ஓவர்டைம் என்றால் ரிஜிஸ்டரில் எழுத வேண்டிவரும். பேய்க்கு ரிஜிஸ்டர் கிடையாது.

நெருப்பெரிச்சல் ஊரிலிருந்து பேயோட்டும் கோடாங்கி உடுக்கையோடு வந்தார். மைதிலியின் உச்சிமுடியை ஒரு பிடி இழுத்து ஆணியில் சுற்றி, புளியமரத்தில் அறைந்து, முடியை அறுத்து அவளை விடுவித்தார். ஆணி அசைந்தால் போனது திரும்பி வரும் என்றும் அறிவித்துவிட்டுப் போனார்.

மூன்று வருடத்தில் பட்டை வளர்ந்து ஆணியைப் பாதி விழுங்கிவிட்டது. நாலு இழை முடி மட்டும் இன்னும் வெளியே தெரிகிறது. வாரம் தவறாமல் காளியாத்தாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மரம் முழுவதும் சாயப்பட்டறை பாய்லருக்குப் போகும். ஆணி இருக்கும் அந்த ஒன்றரை அடித் துண்டு மட்டும் இவர்கள் வீட்டுக்கு வர வேண்டும். சின்னப் பிளேடால் சுற்றி அறுத்தால் வெட்டோடு வெட்டு சேராது. ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். பழைய புளி, பிளக்கும். பிளந்தால் ஆணி கழலும்.

மூன்றடிப் பிளேடென்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டே வெட்டு.

வாடகைக்கு எடுக்கலாம்தான். மெஷினோடு அவர்கள் ஆளும் வருவான். அந்த இடத்தில் இன்னொருவன் கை படுவதில் மருதாசலத்துக்குச் சம்மதமில்லை.

ராபின் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு வியாபாரம் ஞாபகம் வந்தது.

“அப்ப பெருசுதான் அண்ணாச்சி. பேய் விஷயத்துல போயி சிக்கனம் பாக்கலாமா?”

“அதிர்வு எப்பிடிங்க?”

“ஓடும்போது மேல டீ கிளாஸ் வைங்க. ஒரு சொட்டு சிந்தாது.”

அது பொய் என்று மருதாசலத்துக்குத் தெரியும். இருபது வருடமாக மெஷின் பிடித்த கை, சும்மா இருக்கும்போதே நடுங்கிக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. கீழே வைக்காமல் நின்றார்.

“அதுக்கப்புறம் பாப்பாவுக்குத் தொந்தரவு ஒண்ணும் இல்லியே?” என்றான் ராபின், பில் புத்தகத்தைத் தேடியபடி.

“ஆணி அடிச்ச அன்னிக்கு நல்லாத் தூங்குச்சுங்க,” என்றாள் காளியாத்தாள்.

“பெறவு என்ன?”

அவள் மடி முடிச்சை அவிழ்த்தாள். மருதாசலம் மெஷினை மேஜைமேல் வைத்து ராபின் பக்கம் தள்ளினார்.

“ஒரு வருஷம் வாரன்ட்டி அண்ணாச்சி.”

“ஒரு வருசம் எதுக்குங்க? ஞாயித்துக்கெழமை ஒரு நாளைக்கு நின்னாப் போதும்.”

ராபின் சிரித்தான். பெட்டியைக் கட்டிக் கொடுத்து, முப்பத்தாறு இஞ்சின் மகிமையை மேலும் இரண்டு நிமிடம் எடுத்துரைத்தான். ஆணி இம்மியும் நகராதென்று கடையின் பெயரால் உறுதி கூறினான்.

புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்கள்.

ஆணி அடித்த ஒன்பதாம் நாள் மைதிலி இறந்துபோனாள்.