இம்மி பிந்தி

தலையை ஆட்டினால் மண்டையோடு முதலில் அசையும். மூளை ஓர் இம்மி பிந்தித்தான் வரும். அதை அளக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள், கூடவே வேலை பார்க்கும் கணவன் வில்லவனைப் படுக்கவைத்தாள் பூங்கோதை.

"தலைய ஆட்டுங்க" என்று மைக்கில் சொன்னவள், ஆய்வுத் தாளில் இல்லாத ஒன்றையும் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட பேசுறத விட்டுட்டீங்கதானே?"

ஆமாம் என்று ஆட்டினான். திரையில் மூளையும் எல்லாருக்கும் போலவே பின்னால் வந்தது. பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

அடுத்து அவள் படுத்தாள்.

"இப்பவாச்சும் என்னை நம்புறியா?" என்று மைக்கில் அவன் குரல் கேட்டது.

ஆமாம் என்று ஆட்டினாள்.

அவள் வெளியே வந்தபோது திரையை அவன் அணைத்திருந்தான்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

வில்லவன் தலையை மட்டும் ஆட்டினான்.